தாத்தாவின் அம்பாசடரா, அப்பாவின் மாருதியா?

இந்தக் கேள்வியை எழுதிக் கேட்ட தம்பிக்கு மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். வாய்க்காலை ஒட்டிய கொட்டகையில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று தாத்தா 1966இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2. இன்னொன்று அப்பா 1988இல் வாங்கிய மாருதி 800. அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. ஒன்றை விற்று ஒன்றை வைத்துக்கொள்ளப் போகிறாராம். இரண்டில் எது சிறந்த கார் என்று கேட்கிறார். கேள்வி அவ்வளவுதான். ஆனால் அதன் வாலில் இருக்கும் இரண்டு வரியில்தான் விஷயமே இருக்கிறது. வேலை சென்னையில், ஊருக்கு வருவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் அம்மா மட்டும், வந்தால் அம்மாவைக் கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று அழைத்துப் போகவேண்டும். ஆக, டெல்டா ஈரத்தில் முப்பது நாள் கவனிப்பாரில்லாமல் நின்று, முப்பத்தோராம் நாள் காலை கிளப்பினால் கிளம்பி, அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்ப வேண்டிய வண்டி எது? இப்படிக் கேட்டதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெறுமனே எது சிறந்த கார் என்றால் ஒரே வார்த்தையில் மாருதி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டுக் கும்பகோணத்தில் 34 வருடம் பட்டறை நடத்தியவன். முதல் பாதி வருடங்களில் எனக்குச் சோறு போட்டது நவக்கிரகக் கோயில் சவாரி போகும் அம்பாசடர் டாக்சிகள். சூரியனார்கோயிலில் தொடங்கித் திருநள்ளாறு, கீழப்பெரும்பள்ளம் வரை ஒரே நாளில் ஒன்பது கோயிலையும் சுற்றிவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கொதிக்கக் கொதிக்க வந்து நிற்கும். பின் பாதியில் டாக்டர், வாத்தியார், உரக்கடைக்காரர் என்று எல்லார் வீட்டு மாருதியும் வந்தது. இரண்டு வண்டியாலும் என் கையில் தழும்பு உண்டு. உங்கள் இரண்டு கார்களையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே கீழே எழுதுவதில் வண்டியின் குணத்தைப் பற்றியது உறுதி, உங்கள் வண்டியின் உடம்பைப் பற்றியது ஊகம்.

முதலில் இரண்டுக்கும் நடுவே உள்ள காலத்தைச் சரியாகக் கணக்குப் போடவேண்டும். தாத்தா வாங்கியதற்கும் அப்பா வாங்கியதற்கும் 22 வருடம். ஆனால் வண்டிகளின் வயது வித்தியாசம் அதைவிடப் பெரிது. அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அந்த உடம்பை 1950களின் நடுவில் வரைந்து முடித்துவிட்டார்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைக் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1957 கடைசி வாக்கில் அம்பாசடர் என்ற பேரில் கட்டத் தொடங்கியது. 1963 வாக்கில் முகத்தில் நெருக்கமான கட்டம் போட்ட கிரில்லை வைத்து மார்க் 2 ஆக்கினார்கள். தாத்தாவுடையது அதுதான். மாருதியின் முதல் காரை இந்திரா காந்தி 1983 டிசம்பர் 14 அன்று சாவி கொடுத்து அனுப்பினார். அந்த முதல் உருவம் கொஞ்சம் பெட்டி மாதிரி இருக்கும். 1986இல் உருவம் மாறிவிட்டது. ஜப்பானில் 1984இல் வந்த சுஸுகி ஆல்டோவின் உடம்பு அது. அப்பாவுடையது 1988 என்றால் இந்த இரண்டாவது உருவம். “முதல் மாடல் மாருதி” என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியல்ல. பழைய கார் சேர்ப்பவர்கள் தேடுவது 1983 முதல் 86 வரை வந்த பெட்டி உருவத்தை. விற்கும்போது அந்த எண்ணத்தில் விலை சொன்னால் ஏமாற்றமாகிவிடும். ஆக, நீங்கள் ஒப்பிடுவது 1954ஐ ஒட்டிய யோசனையையும் 1984இன் யோசனையையும். நடுவில் முப்பது வருடம். நம் ஊர் ரோட்டில் இரண்டும் ஒரே காலத்து வண்டி போல அக்கம்பக்கம் ஓடியதால் இது நமக்குத் தெரியாமலே போய்விட்டது.

அந்த முப்பது வருடம் பானட்டைத் திறந்ததும் தெரியும். அம்பாசடரில் 1489 சிசி, நான்கு சிலிண்டர், நெடுக்கு வாட்டில் நிற்கும் எஞ்சின். சிலிண்டர் வாய் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர். வாயைவிட ஆழம் அதிகம். இப்படிப்பட்ட எஞ்சின் வேகமாகச் சுழலாது, ஆனால் மெதுவாகச் சுழலும்போதே இழுக்கும். ஆறு பேரும் டிக்கியில் இரண்டு மூட்டை நெல்லும் ஏற்றிக்கொண்டு வெண்ணாற்றுக் கரை மண்பாதையில் டாப் கியரிலேயே முனகிக்கொண்டு போனதன் ரகசியம் அதுதான். மாருதியில் 796 சிசி, மூன்று சிலிண்டர், குறுக்கே படுத்திருக்கும் எஞ்சின், வாய் 68.5, தூரம் 72. கிட்டத்தட்டச் சதுரம். சுழலச் சுழலத்தான் அதற்குத் தெம்பு வரும். அம்பாசடரின் எடை 1,100 கிலோவுக்கு மேல், மாருதி 650 கிலோவை ஒட்டி. எஞ்சின் பாதி, எடையும் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதனால்தான் ஆளைப் பார்த்தால் குட்டியாக இருந்தாலும் தஞ்சாவூர் ரோட்டில் மாருதி அம்பாசடரை ஊதித் தள்ளிவிட்டுப் போகும். பெட்ரோல் கணக்கில் என் அனுபவம்: அம்பாசடர் லிட்டருக்கு எட்டு, ஒன்பது, ரொம்ப நல்ல கையாக இருந்தால் பத்து. மாருதி பதினாறுக்குக் குறைந்தால் டியூனிங் சரியில்லை என்று அர்த்தம்.

பிரேக்கிலும் இதே கதைதான். அம்பாசடரில் நான்கு சக்கரத்திலும் டிரம். அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும், தண்ணீரில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்கவே பிடிக்காது. மாருதியில் முன்னால் டிஸ்க், வண்டியும் இலேசு, மிதித்த இடத்தில் நிற்கும். “அம்பாசடர் கனமான தகடு, மோதினாலும் ஒன்றும் ஆகாது” என்று ஊரில் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். மோதலில் தகடு நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். தகடு நசுங்காவிட்டால் அந்த அடி உள்ளே இருக்கும் ஆளுக்கு வரும். ஸ்டியரிங் தண்டு நேராக நெஞ்சைப் பார்த்து நிற்கிறது. 1966 வண்டியில் சீட் பெல்ட் என்ற பேச்சே கிடையாது. மாருதியிலும் பெரிய பாதுகாப்பு ஒன்றும் இல்லை. இரண்டையும் பைபாஸில் எண்பதுக்கு மேல் விரட்டக்கூடாது என்பதோடு இதை விட்டுவிடுகிறேன்.

இன்னொரு ஊர்ப்பேச்சும் உண்டு, அதை விடமுடியாது. “அம்பாசடர் சாசி வண்டி, ஜீப் மாதிரி, பாடி போனாலும் சாசி நிற்கும்” என்பது. படித்தவர்களே சொல்வார்கள். அம்பாசடருக்குத் தனிச் சாசி, அதாவது உடம்புக்கு அடியில் தனியாக ஓடும் இரும்புச் சட்டம், கிடையாது. தரைத்தகடு, இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற படிக் கட்டை, முன்னால் எஞ்சினைத் தாங்கும் இரண்டு கைகள், எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே உடம்பு. மாருதியும் அப்படித்தான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டு வண்டியிலும் தரைதான் எலும்பு. எஞ்சின் போனால் திருச்சியிலோ சென்னை புதுப்பேட்டையிலோ வேறு எஞ்சின் எடுத்துப் போட்டுவிடலாம். தரை போனால் வண்டி போயிற்று. நம் பக்கத்தில் கார்கள் எஞ்சினால் சாவதில்லை, தரையால்தான் சாகின்றன.

2008 நவம்பரில் நிஷா புயல் மழை ஒரத்தநாடு பக்கத்தைத் தண்ணீரில் மூழ்கடித்ததே, அந்த வாரம் அங்கிருந்து ஒரே தெருவின் இரண்டு வண்டிகள் என் பட்டறைக்கு லாரியில் வந்தன, ஓர் அம்பாசடர், ஒரு மாருதி. இரண்டும் இரண்டு ராத்திரி சீட் வரைக்கும் தண்ணீரில் நின்றவை. மாருதியை மறுநாளே ஓடவிட்டுவிட்டோம். எண்ணெய் மாற்றி, பிளக்கைக் கழற்றி ஊதி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்ததும் கிளம்பிவிட்டது. அம்பாசடருக்கு நாலு நாள் ஆயிற்று. டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் கழற்றிப் பிரித்து வெயிலில் காயவைத்து, சீட்டை எடுத்துத் திண்ணையில் போட்டு, கியர்பாக்ஸ், பின்புற டிஃப்ரன்ஷியல் எண்ணெயையெல்லாம் வடித்து மாற்றி... மாருதிக்காரர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவரே வந்தார். டிரைவர் சீட் ஆடுகிறது என்றார். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் அதற்கு அடியில் ஒட்டியிருந்த தடித்த நார் விரிப்பு இன்னும் ஈரமாக இருந்தது போல ஒரு வாடை. அதன் கீழே தகடு அப்பளமாகப் பொரிந்திருந்தது. விரலை வைத்தேன், ரோடு தெரிந்தது. அந்த விரிப்பை வெள்ளம் வடிந்த அன்றே பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும். சீக்கிரம் ஓடவிட்ட மிதப்பில் அதை நான் செய்யவில்லை. என் தப்புதான். அம்பாசடரில் அப்போது ரப்பர் விரிப்பு மட்டுமே இருந்தது, தூக்கிப் போட்டுக் காயவைத்தோம். தகடும் தடிமன். துரு பிடித்தாலும் தின்று முடிக்க அதற்கு வருடங்கள் ஆகும். அதுவரை வெட்டி ஒட்டுப் போட்டுக்கொண்டே போகலாம். மாருதியின் மெல்லிய தகட்டில் ஒட்டுப் போட நல்ல கை வேண்டும். சாதாரண வெல்டிங் வைத்தால் ஒட்டுகிற இடத்தைவிட ஓட்டையாகிற இடம் அதிகம்.

எனவே எதை முடிவு செய்வதற்கு முன்னும் இரண்டு வண்டியின் தரையையும் பாருங்கள். விரிப்பு, கம்பளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வரவேண்டும். நல்ல தகடு டண் டண் என்று சொல்லும், செத்த தகடு சத் சத் என்று சொல்லும். அம்பாசடரில் முக்கியமாகப் பார்க்கவேண்டியவை கதவுக்குக் கீழ் உள்ள படிக் கட்டை, ஜாக்கி வைக்கும் இடம், பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புப் பட்டை ஸ்பிரிங்கான பட்டைக்கட்டு உடம்போடு சேரும் இரண்டு இடங்கள். பட்டை சேரும் இடம் துருவியிருந்தால் எடை ஏறும்போது பட்டை டிக்கிக்குள்ளே வந்துவிடும். மாருதியில் டிரைவர் கால் வைக்கும் இடம், பேட்டரிக்குக் கீழ், ஸ்டெப்னி இருக்கும் பள்ளம், முன் சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் ஸ்ட்ரட் மேலே வந்து சேரும் மண்டை. வெளித்தகட்டுக்கு ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ஒட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பல்ல, பள்ளத்தையும் ஓட்டையையும் அடைக்கப் பூசும் பட்டி. ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து டிங்கர் ஒருவர் விரற்கடை தடிமனுக்குப் பட்டி பார்த்து மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்து அனுப்புவார். கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிற வண்டிகளில் பாதிக்கு அந்த வைத்தியம்தான். கஜா புயலில் தென்னை விழுந்து நசுங்கிய கூரைகளை நிமிர்த்தியபோதும் இதே வேலை நிறைய நடந்தது. உங்கள் பகுதி 2018இல் அதில் நன்றாக அடிபட்ட பகுதி, கொட்டகைமேல் மரம் விழுந்ததா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு அடுத்து எலி. கொட்டகைக்குப் பக்கத்தில் வைக்கோல் போர் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அதை நகர்த்துங்கள், அல்லது காரை நகர்த்துங்கள். அறுவடை முடிந்து வயலில் தீனி தீர்ந்ததும் எலி வீட்டுப் பக்கம் வரும். நிற்கிற காரைப் போல அதற்குச் சௌகரியமான இடம் இல்லை. ஒரு முறை நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வந்த வண்டியின் ஏர் ஃபில்டரைத் திறந்தேன், உள்ளே ஒரு மரக்கால் நெல் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தது. சிரித்துக்கொண்டே வெளியே கொட்டினேன், அப்புறம் வயரிங்கைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. இதில் அம்பாசடர் தேவலை. 1966 வண்டியில் மொத்த வயரையும் ஒரு தாளில் வரைந்துவிடலாம், உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒரு நாளில் புதிதாக இழுத்துக் கொடுத்துவிடுவார். மாருதியிலும் 1988இல் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, ஆனால் வயர்க்கட்டு டேஷ்போர்டுக்குப் பின்னால் நெருக்கமாகப் போகும், கடித்த இடத்தைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும்.

பங்குனி, சித்திரையில் உளுந்து, பயறு அறுத்து ரோட்டில் பரப்பி வைப்பார்களே, அது மாருதிக்கு எமன். முன்சக்கரம்தான் இழுக்கிறது, எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டில் கொடி சுற்றிக்கொண்டு அங்கே இருக்கும் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். வளைவில் திருப்பும்போது கடகடவென்று சத்தம் கேட்டால் அது முடிந்த கதை. அம்பாசடரிலும் நடுவில் ஓடும் நீளத் தண்டில் கொடி சுற்றும், ஆனால் கிழிக்க அங்கே உறை இல்லை. ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு கீழே படுத்து அறுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். இரண்டு வண்டிக்கும் பொதுவான ஆபத்து, சைலன்சர் சூட்டில் காய்ந்த கொடி பற்றிக்கொள்வது. அந்த மாதங்களில் ரோட்டில் செடி கிடந்தால் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை.

பெட்ரோல் விஷயத்தில் இரண்டு கவலைகளைப் பிரித்துச் சொல்கிறேன். நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை 2000 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டார்கள். அம்பாசடர் எஞ்சினின் மேல்மூடியான பழைய ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. ஈயம் இல்லாவிட்டால் அந்த இடம் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும் என்பது உண்மை. ஆனால் அது அதிக வேகத்தில் நெடுந்தூரம் ஓடும் வண்டிகளுக்குத்தான் உறைக்கும். மாதம் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அப்படித் தேய்ந்து வந்ததை என் பட்டறையில் நான் பார்த்ததில்லை. என்றைக்காவது ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்துக் கெட்டியான சீட் வளையம் போட்டுக்கொள்ளுங்கள், அதற்காக மட்டும் கழற்ற வேண்டாம். உண்மையான தொல்லை இப்போது பங்கில் வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து நொய்யவைக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கக் காற்றே பாதி தண்ணீர். முப்பது நாள் நிற்கும் வண்டியில் டேங்கின் உட்புறம் துருவும், கார்புரேட்டரின் அடியில் பச்சையாகப் படியும். இது இரண்டு வண்டிக்கும் ஒன்றுபோலத்தான். எதை வைத்துக்கொண்டாலும் பெட்ரோல் ஓடும் ரப்பர் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மழைக்காலத்தில் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், நிறைந்திருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் இருக்காது.

நின்று கிளம்புவதைப் பற்றி. பேட்டரி இறங்கிப்போவது இரண்டிலும் நடக்கும், ஊருக்குக் கிளம்பும்போது எர்த் வயரைக் கழற்றிவிட்டுப் போனால் பாதிக் கவலை தீர்ந்தது. அப்படியும் இறங்கிவிட்டால் அந்தக் கால அம்பாசடருக்கு முன்னாலிருந்து ஹேண்டில் போட்டுச் சுற்றலாம், கட்டைவிரலைப் பிடிக்குள் மடக்காமல் வெளியே வைத்துச் சுற்றவேண்டும், பின்னடித்தால் விரல் முறியும். மாருதியை இரண்டு பேர் தள்ளினால் போதும். இதுவரை சமம். வித்தியாசம் ஓடும்போது வருகிறது. அம்பாசடர் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். சூடு ஏறினால் முள் ஏறும், நாற்றம் வரும், சத்தம் மாறும். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங்குக்கு உள்ளே சங்கிலி, தேய்ந்தால் மாதக்கணக்கில் கிரகிரவென்று முறையிட்டுக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் இழுக்காமல் நின்றால் ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுவிட்டு ஒரு காபி குடித்தால் சரியாகிவிடும். மாருதியில் டைமிங் ரப்பர் பெல்ட். நேற்றுவரை ஒரு சத்தமும் இல்லாமல் ஓடி, இன்று அறுந்து வண்டி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். ஹெட் அலுமினியம், ரேடியேட்டரின் கரண்ட் விசிறி ஓடாமல் ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும். நெடுநாள் நின்ற மாருதியில் பெல்ட்டை மாற்றாமல் சாவியைத் திருப்பவே கூடாது. பெல்ட், தண்ணீர்ப் பம்ப், விசிறி இந்த மூன்றையும் சரி செய்துவிட்டால் மாருதி மறுபடி வருடக்கணக்கில் உங்களைத் திரும்பிப் பார்க்கவைக்காது, அதையும் சொல்லவேண்டும். உதிரி பாகத்துக்கும் பஞ்சமில்லை. இதே எஞ்சின் வழியில் வந்த ஓம்னி வேன் 2019 வரை விற்றது. அம்பாசடர் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாலு கடை ஏறி இறங்கவேண்டும், தரமும் கலவை. அம்பாசடருக்குக் கிரீஸும் வேண்டும். முன்சக்கர முட்டுகளில் உள்ள நிப்பிள்களில் கிரீஸ் கன்னால் அடிக்காமல் ஆறு மாதம் விட்டால் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடும்.

சட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் விழுகிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருடத்தைத் தாண்டிய, பெரிதாக மாற்றாத கார்களை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். உங்கள் அம்பாசடர் வயதால் அதற்குத் தகுதி. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுது பார்க்க, பெட்ரோல் போட என்று மட்டுமே ரோட்டில் இறக்கலாம், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. அம்மாவைத் திருவாரூர் தேருக்கு அழைத்துப் போவது அதில் வராது. உங்களுக்கு வேண்டியது சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பது. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாக, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கலாம். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2025இல் 10,000 ஆக உயர்த்திவிட்டார்கள். அதற்கும் முன்னால் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிதழ் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். அப்பா பேரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து மாற்றவேண்டும். மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை அது, தாமதத்துக்கு ஏதாவது கட்டச் சொல்வார்கள். அம்பாசடர் இன்னும் தாத்தா பேரிலேயே இருந்தால் (எனக்கென்னவோ அப்படித்தான் இருக்கும் என்று படுகிறது) அத்தை, சித்தப்பா எல்லாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டிவரலாம். பேர் மாறாமல் விற்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

இனி அம்மா. அவருக்கு முழங்கால் வலி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் பாதித் தீர்ப்பு அதில் இருக்கிறது. மாருதியில் ஏறுவது என்றால் குனிந்து, கீழே இறங்கி, காலை இழுத்து உள்ளே வைப்பது. இறங்கும்போது அந்தத் தாழ்விலிருந்து முழங்காலை ஊன்றி எழவேண்டும். அம்பாசடரின் சீட் நாற்காலி உயரம். கதவு அகலமாகத் திறக்கும், கூரை உயரம், புடவையோடு திரும்பி உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் போடும் கியர் என்பதால் முன்சீட்டும் ஒரே பெஞ்சு, நடுவில் எதுவும் இடிக்காது. எங்கள் டாக்சிக்காரர்களிடம் வயதானவர்கள் அம்பாசடரைத்தான் கேட்டு வாங்குவார்கள். பழைய பாசம் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன், எனக்கு முழங்கால் போன பிறகுதான் காரணம் புரிந்தது. பட்டைக்கட்டு வண்டியாதலால் பள்ளத்தில் ஒரு தூக்கு தூக்கும், ஆனால் 15 இன்ச் சக்கரம் பல பள்ளங்களை உணரவே உணராது. மாருதியின் 12 இன்ச் சக்கரம் ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்லும்.

ஆகவே என் தேர்வு அம்பாசடர், அதன் தரையும் பட்டை சேரும் இடமும் நன்றாக இருந்தால். கொஞ்சம் துரு பரவாயில்லை, ஒட்டுப் போடலாம். பட்டை சேரும் இடம் விட்டிருந்தால் பாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மாருதியை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியின் தரையும் விட்டிருந்தால் இரண்டையும் கொடுத்துவிட்டு அம்மாவுக்கு ஒரு வாடகை ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கி வையுங்கள், அது எல்லாவற்றையும்விட மலிவு. செலவைப் பற்றி: நின்ற அம்பாசடரை எழுப்புவது மாருதியை எழுப்புவதைவிட நிச்சயம் அதிகம் இழுக்கும், பிரேக் குழாய், சிலிண்டர் வாஷர், டயர் எல்லாம் புதிது வேண்டும். தொகை சொல்ல மாட்டேன், பார்க்காத வண்டிக்குத் தொகை சொல்கிற மெக்கானிக்கை நானே நம்பமாட்டேன். மாருதியை விற்பதென்றால் சென்னையில் விளம்பரம் கொடுக்காதீர்கள். ஊர்ப் பக்கத்திலேயே தினமும் ஓட்டப்போகிற ஆளாகப் பாருங்கள், இரண்டு காசு குறைந்தாலும் சரி. அது ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி, நிறுத்தி வைத்தால் இரண்டு மழைக்காலம் தாங்காது.

கடைசியாக ஆள். கை கியர் போட்டு ஓட்டிப் பழகிய பழைய டிரைவர் ஒருவர் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ கட்டாயம் இருப்பார், இப்போது அவருக்கு எழுபது வயது இருக்கும். அவரைத் தேடிப் பிடித்து, வாரம் ஒருமுறை வந்து வண்டியைக் கிளப்பிக் கடைத்தெரு வரை போய்வரச் சொல்லுங்கள். வெறுமனே நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் ஓடவிடுவதில் பிரயோஜனமில்லை, சக்கரம் சுற்றவேண்டும், பிரேக் பிடிக்கவேண்டும், எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரவேண்டும். பணம் வேண்டாம் என்பார், கொடுத்துவிடுங்கள். வருகிற சனிக்கிழமை ஊருக்குப் போனதும் முதலில் அந்த ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். தட்டிப் பார்த்துவிட்டு எந்த இடத்தில் என்ன சத்தம் வந்தது என்று எழுதினால், வெல்டிங்கா விற்பனையா என்று மேற்கொண்டு சொல்கிறேன்.